கைய காட்டுங்க

கடைக்குள் யார் நுழைந்தாலும் அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். "கைய காட்டுங்க" என்பார். வந்தவர் கையை நீட்ட வேண்டும். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தால் அதைப் பார்ப்பார். இல்லையென்றால் மோதிரம், வளையல், சாமிக்கயிறு, நகம். பிறகுதான் பேச்சே தொடங்கும். "வாங்க, போன மாசம் முள்ளு மாத்தினோமே, இப்ப நேரா ஓடுதா?"

திருத்தணி பஸ் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில், வாசலில் தோல் பட்டைகளைத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்த கடை அது. வெளியூர்க்காரர்கள் சிலர் ரேகை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். அவர்களையும் அக்கா திருப்பி அனுப்பியதில்லை. "ஆயுசு கெட்டிங்க. பட்டைதான் இன்னும் பத்து நாளு தாங்காது, மாத்திடலாமா?" என்பார்.

மலைக்குப் போகும் வழியில் முடியோடு வந்து கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், இரண்டு மணி நேரம் கழித்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நிற்பார்கள். தெருவில் மற்றக் கடைக்காரர்கள் அடையாளம் தெரியாமல் திணறிச் சீட்டு கேட்பார்கள். அக்கா ஒருமுறைகூடத் திணறியதில்லை. அதைப் பெரிய திறமை என்று தெருவே பேசியது. எனக்கு அது இடித்தது. இவ்வளவு எளிதாக மொட்டைகளைக் கண்டுபிடிக்கிறவர், தினமும் பார்க்கிற, மொட்டை போடாத என்னைச் சந்தையில் பார்த்து, யாரோ மாதிரி "இன்னாங்க வேணும்?" என்று ஏன் கேட்டார்?

நான் அப்போது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அக்காவின் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. எதையும் எண் போட்டு எழுதுவது எனக்கு வேலையால் வந்த பழக்கமா, பழக்கத்தால் அந்த வேலைக்குப் போனேனா தெரியாது. அக்காவைப் பற்றியும் எழுதினேன். ஒன்று, சந்தையில் நான் கடிகாரம் கட்டாமல் போயிருந்தேன். இரண்டு, அவர் சீரியல் பார்ப்பதில்லை. எல்லாரும் ஒரே ஆளாட்டம் இருக்குறாங்க என்கிறார். மூன்று, சொந்தத் தங்கையின் கல்யாண ஆல்பத்தில், நெத்திச்சுட்டி இல்லாத படங்களில் அவருக்குத் தங்கையைக் காட்டத் தெரியவில்லை. நான்கு, அம்மா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு மாடிப்படி ஏறியபோது, "மேல யாரும் இல்லீங்க, வெளிய போயிருக்காங்க" என்று அம்மாவிடமே சொன்னார்.

ஐந்தாவது எழுத வேண்டியிருக்கவில்லை. அவருக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. பொருளை வைத்தும், குரலை வைத்தும், எங்கே நிற்கிறார்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை வைத்தும்தான் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுவரை யாரிடமும் அதைச் சொல்லாமல் ஒரு கடையையே நடத்திவிட்டார்.

அவரிடம் நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் போய் உட்கார்ந்தால், வருகிறவர் படியில் கால் வைக்கும்போதே, "வாங்க செட்டியாரே", "வாங்க டீச்சர்" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது ஞாயிறு எனக்கென்று ஒரு முக்காலி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அவர் வேறு ஊரில் கடை வைத்திருக்கிறார். அங்கே யாருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனி மாதக் கடைசியில் அந்தக் கடிகாரம் வந்தது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து மூன்று பேர் கொண்டுவந்தார்கள். முதலில் உள்ளே வந்து கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர் மணியக்காரர். பட்டம் தாத்தாவோடு போய்விட்டது. பெயர் மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம். பேசும்போது அதனால் கண்ணாடி மேஜையைத் தட்டிக்கொண்டே பேசுவார். இரண்டாமவர் சர்க்கரை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் ஏற்கும் ஆள். மூன்றாமவர் ஏழுமலை. அதே ஊரில் காலனிக்காரர், அரக்கோணத்தில் ரயில்வே கேங்மேன். டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தார். ஆரஞ்சுச் சட்டையோடு படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

கடிகாரம் ஏழுமலை வீட்டில் இருந்தது. வெள்ளிக் கூடு, சட்டைப் பையில் வைக்கும் வகை. மழையில் பாலம் அரித்துப்போனதைப் பார்த்துத் ஏழுமலையின் தாத்தா துண்டை வீசி ரயிலை நிறுத்தினாராம். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். அது அவர்கள் வீட்டில் சொல்வது. தாத்தா மணியக்காரர் வீட்டில் மாட்டுக்காரராக இருந்தவர். ‘எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்று அப்போதுதான் காணாமல் போனது.’ இது மணியக்காரர் வீட்டில் சொல்வது. இரண்டு கதைகளும் இரண்டு தெருவில் தனித்தனியாக இருந்தன. ஏழுமலை புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது சாமி படத்துக்கு முன்னால் கடிகாரத்தை வைத்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார். மணியக்காரர் மகன் அதைப் பார்த்தான். டீக்கடையில் வைத்து, "திருட்டுப் பொருளுக்குப் பொட்டு வெச்சி ஸ்டேட்டஸ் வேற" என்றான். அடிதடியாகப் பார்த்தது. குமாஸ்தா நடுவில் வந்தார்.

முடிவு இப்படி. மணியக்காரரிடம் பழைய ரசீது ஒன்று இருந்தது. வெள்ளிப் பாக்கெட் கடிகாரம் ஒன்று, சென்னை மவுண்ட் ரோட்டில் அப்போதிருந்த ஒரு நகைக்கடையில் வாங்கியது. ஏழுமலையின் கடிகாரத்தை முதலில் விற்ற கடை எது என்று வெளியாள் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதே கடை என்றால் ஏழுமலையின் அம்மா கடிகாரத்தை மணியக்காரர் வீட்டு வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். வேறு கடை என்றால், இது எங்கள் வீட்டுப் பொருள் இல்லை என்று மணியக்காரர் தன் வாயால் பொதுவில் சொல்ல வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடி எடுத்து மலைக்கு வரும், அன்றைக்குக் கடையிலேயே கேட்டுக்கொள்கிறோம் என்றார் குமாஸ்தா.

அக்கா கடிகாரத்தை வாங்கி விளக்குக்குக் கீழே வைத்தார். முகப்பில், எண்களுக்கு நடுவே, சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஏழுமலை படிக்குக் கீழே நின்றபடியே என்னைக் கேட்டார்.

"இங்கிலீஷ்ல இன்னா போட்டுக்கீதும்மா?"

படித்தேன். அதே மவுண்ட் ரோட்டுக் கடை. ரசீதில் இருந்த அதே பெயர்.

மணியக்காரர் மேஜையை ஒருமுறை தட்டிவிட்டு எழுந்தார். "அப்புறம் எதுக்குக் கிருத்திகை வரைக்கும்?" என்றார். அக்கா தலையைத் தூக்கவில்லை. "இது முகப்புங்க. இன்னும் தொறக்கவே இல்ல. நீங்க கிருத்திகைக்கே வாங்க" என்றார். ஏழுமலை ஆரஞ்சுச் சட்டையின் பட்டையைக் கழற்றித் திரும்ப ஒட்டினார். அந்த ஒட்டுப் பட்டை பிரியும் சத்தம் மட்டும் கேட்டது.

திறந்த பிறகும் முதல் இரண்டு வாரம் நல்ல செய்தி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட கடிகாரத்தில் விற்ற கடையின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கலாம்: முகப்பில், அல்லது பின்மூடிக்கு உட்புறம் உள்ள இரண்டாவது மூடியில். அந்த உள்மூடி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஓர் எழுத்துக்கூட இல்லை. அக்கா அதை விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு ஏழுமலை வந்தபோது கேட்டார். ஏழுமலை பெருமையாகத்தான் சொன்னார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா புளியும் சாம்பலும் போட்டு, உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, சந்தனம் வைப்பார்களாம். பாட்டி காலத்திலிருந்தே. ரயில்வேயில் சேர்ந்த பிறகு அவரும் தேய்த்திருக்கிறார்.

அவர் போன பிறகு அக்கா சொன்னார்: "திருடினவங்க வீட்டுல பேர மறைக்கணும்னு தேய்ப்பாங்க. இவங்க பூஜைக்குத் தேய்ச்சிக்கினு இருந்திருக்காங்க. கேக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

தேய்ந்த எழுத்து முழுக்கப் போய்விடாது. பள்ளம் ஆழம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். என்னிடம் லேப்டாப்பில் மாட்டும் ஒரு சின்ன நுண்ணோக்கி இருந்தது. விளக்கை மூடியின் தளத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்கவைத்து, பத்துப் பத்து டிகிரியாகச் சுற்றி, முப்பத்தாறு படம் எடுத்தேன். ஒவ்வொரு கோணத்திலும் ஏதோ ஒரு கோட்டின் நிழல் மட்டும் விழும். முதல் முறை மேஜை ஆடியதால் எல்லாம் வீண். இரண்டாவது முறை ‘அண்டு சன்ஸ்’ என்பது தெரிந்தது. அது எந்தக் கடைக்கும் பொருந்தும், மவுண்ட் ரோட்டுக் கடைக்கும் பொருந்தும். அன்று இரவு அந்தப் படங்களையே மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா மட்டும் அவசரப்படவில்லை. முகப்பைக் கழற்றத் தொடங்கினார்.

இந்த வகை முகப்பின் பின்பக்கம் இரண்டு செப்புக் கால்கள் இருக்கும். அவை இயந்திரத் தகட்டின் இரண்டு துளைகளில் போய் உட்காரும். இந்த முகப்பின் கால்கள் இரண்டும் அரத்தால் ராவப்பட்டிருந்தன. அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள். தகட்டில் துளைகள் வேறு இடத்தில், அழுக்கு அடைத்துக்கொண்டு, காலியாக இருந்தன. பழைய முகப்பு எப்போதோ உடைந்து, பழுது பார்த்த யாரோ கையில் கிடைத்த வேறு கடிகாரத்தின் முகப்பை எடுத்து ஒட்டியிருக்கிறார்.

"இந்த மூஞ்சி இதோடது இல்ல" என்றார் அக்கா. சொல்லிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை படம் எடுத்தபோது ஊர்ப் பெயர் கிடைத்தது. பெங்களூரு, கண்டோன்மென்ட். கடையின் பெயரில் முதல் நான்கு எழுத்து கிடைத்தது. மவுண்ட் ரோட்டுக் கடையின் பெயரில் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு உடனே ஏழுமலைக்கு போன் செய்ய வேண்டும் போல இருந்தது. அக்கா விடவில்லை. ஒரு பக்கத்துக்கு முன்னாடியே சொன்னால் அது தீர்ப்பு ஆகாது என்றார். எல்லாரும் இருக்கும்போது சொல்வதாகத்தான் பேச்சு. ஏழுமலை அந்த வாரமும் வந்தார், படிக்குக் கீழே நின்றார், "இன்னாச்சுக்கா?" என்றார். "கிருத்திகைக்கு வாங்க" என்றார் அக்கா. நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அன்றைக்கு நீங்களும் ஒரு தரப்பு அண்ணா, இப்படிக் கீழே நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அது நல்ல காரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கிருத்திகை அன்று காலை தெரு முழுக்க மஞ்சள் துணி. பம்பை, உடுக்கை, அரோகரா. ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. என் லேப்டாப் சரியாக அந்த நேரத்தில் நின்று நின்று ஓடியது. படங்கள் திறக்கவில்லை. நான் குனிந்து அதோடு போராடிக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். அன்று நான் யாரையும் "வாங்க" என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை.

நான் நிமிர்ந்தபோது ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பொன்னிறப் பட்டை போட்ட கடிகாரம். யாரிடமோ வாங்கிக் கட்டியிருக்க வேண்டும். மணியக்காரர் படிக்குக் கீழே நின்றார். காவடி விரதம். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், விரதத்துக்குக் கழற்றிவிட்டதால் கையில் மோதிரமும் இல்லை, காப்புக் கயிறு மட்டும். வாசலில் தோல் பட்டைகள் தொங்கியதால், விரதத்தில் தோல் மேலே படக்கூடாதென்று உள்ளே வராமல் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். குமாஸ்தா நடுவில் நின்று, "எல்லாரும் வந்தாச்சு, சொல்லும்மா" என்றார்.

அக்கா நாற்காலியைப் பார்த்தார்.

"உங்க பில்லு மெட்ராஸ் கடைங்க. இது பெங்களூருக் கடையில வித்தது. முகப்பு மட்டும் யாரோ பின்னால ஒட்டினது. இது உங்க வீட்டுப் பொருள் இல்ல. இல்லாத பொருளுக்கு மூணு தலைமுறையா ஒருத்தர திருடன்னு சொல்லிக்கினு இருந்திருக்கீங்க. உங்களுக்கு உறுத்தலீங்களா?"

ஏழுமலை பாதி எழுந்து அப்படியே நின்றார். நான் குறுக்கே பேசுவதற்குள் அக்கா படியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியது.

"நீங்க ஏன் இன்னும் கீழயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. உங்க தாத்தா திருடலீங்க. இனிமே யாருக்கும் தலை குனிய வேணாம்."

பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். ஒரே ஒரு சிரிப்பு. மணியக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் யாரு?" என்றார்.

குரல் கேட்டதும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தவறான பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டவர் மாதிரி அவர் கை மேஜைமேல் அசையாமல் நின்றது.

"மணியக்காரருங்க" என்றார்.

"ஆங். அப்ப தெரிஞ்சேதான் என்னை அவன் எடத்துல நிக்க வெச்சிப் பேசினியா?"

அக்காவுக்கு இரண்டு வழி இருந்தது. தெரிந்தே பேசினேன் என்றால், இவள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாள், தீர்ப்பு செல்லாது என்பார்கள். தெரியாமல் பேசினேன் என்றால், ஒரு மாதத்துக்கு முன்னால் பார்த்த ஆளையே தெரியாதவள், நூறு வருஷத்துக் கடிகாரத்தை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பார்கள். இரண்டிலும் ஏழுமலையின் அம்மா அந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். "அந்தப் பொண்ணு பேச வேணாம்" என்றார் மணியக்காரர்.

அக்கா நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்த லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு மூஞ்சி நிக்காதுங்க. சின்னதுலேருந்தே. எங்க நைனாவ அவரு செருப்ப வெச்சித்தான் தெரியும். அவரு செத்தன்னிக்குக் கால போத்தி, மூஞ்சிய மட்டும் தொறந்து வெச்சிருந்தாங்க. யாரு வீட்டு எழவுக்கோ வந்த மாதிரி நின்னேன். அழலியேன்னு எங்க அத்தை அடிச்சாங்க." பிறகு படியையும் நாற்காலியையும் கையால் காட்டினார். "நீங்க எப்பவும் உக்கார்றவரு, இன்னிக்கு நின்னீங்க. அவரு எப்பவும் நிக்கிறவரு, இன்னிக்கு உக்காந்தாரு. ஆள மாத்திட்டேன், மன்னிச்சிடுங்க. சேதிய மாத்தல."

தெருவில் ஒரு காவடிக் கூட்டம் கடந்து போனது. பிறகு மணியக்காரர்தான் கேட்டார். முகப்பை மாற்றினவன் மூடியையும் மாற்றியிருக்க மாட்டானா? அது நியாயமான கேள்வி. அக்கா கடிகாரத்தையும் லென்ஸையும் அவரிடமே நீட்டினார். அவர் தொடவில்லை. குமாஸ்தா வாங்கினார். வெளிக்கூட்டின் உட்புறத்தில் ஒரு எண் அடித்திருந்தது. உள்மூடியின் விளிம்பில் ஒரு எண். முப்பது வருஷம் லாரி எடைச்சீட்டு எழுதிய மனிதர். இரண்டையும் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம் போட்டுப் படித்தார். இரண்டும் ஒன்று. கூடும் மூடியும் ஒரே பட்டறையில் ஒன்றாகப் பிறந்தவை.

"சரியாத்தான் இருக்குது" என்றார் குமாஸ்தா.

"அப்ப இன்ஜினியரு குடுத்ததுன்னும் போட்டுக்கீதாக்கா?" என்று ஏழுமலை கேட்டார். அதுதான் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

அக்காவுக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது இதுல இல்லீங்க. யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இவங்க பில்லு இதுக்கு இல்ல. அவ்ளோதான் தெரியும்."

மணியக்காரர் திரும்பினார். "மூஞ்சியே தெரியாதவ பேச்ச நம்பி நான் ஊருல வாயத் தொறக்கணுமா?" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, காவடிக் கூட்டத்தில் நுழைந்து போய்விட்டார். ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அவரோடு போனார்கள். குமாஸ்தா, கிருத்திகை கழியட்டும் பார்ப்போம் என்றார். ஏழுமலை கடிகாரத்தைக் கர்சீப்பில் சுற்றினார். அம்மாவைக் கும்பிடச் சொல்லிக் கேட்க இனி யாராலும் முடியாது. ஆனால் திருட்டு வாட்ச் என்பதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. படியில் இறங்கும்போது அவர் திரும்பிக் கடையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் அக்காவுக்கு நன்றாக இல்லை. கல்லூரிப் பையன்கள் கடிகாரத்தை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து, "நான் யாரு சொல்லுங்கக்கா" என்று விளையாடினார்கள். குரலை மாற்றிப் பேசினார்கள். என் கடிகாரத்தை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அரக்கோணத்துக்குப் போனார்கள். வாடகைக்குக் கடை விட்டவர் ஒருமுறை வந்து நின்று, ஒன்றும் பேசாமல், அக்காவுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். நான் சத்தமாகப் பெயர் சொல்லி அழைப்பதை அக்கா நிறுத்தச் சொன்னார். "இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே, அவங்களே சொல்லட்டும்" என்றார். நல்ல மனிதர்கள் படியிலேயே சொன்னார்கள். "நான்தான்க்கா, பூக்கடை." "பேங்க் செக்யூரிட்டிங்க."

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, நல்ல மழை. பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எந்த ஊர் என்று படியிலேயே சொல்லித்தான் உள்ளே வந்தார். இன்னும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். குடையை மடக்கிக்கொண்டு மணியக்காரர் உள்ளே வந்தார். அந்த அம்மா சட்டென்று எழுந்து சுவரோரம் நகர்ந்தார். மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு மகன் அனுப்பிய தானியங்கிக் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அரக்கோணத்தில் யாராலும் முடியவில்லை போலிருக்கிறது. பச்சைக்கல் மோதிரம் கண்ணாடியில் பட்டு ஒலித்தது.

அக்கா அந்த மோதிரத்தைப் பார்த்தார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, அவருக்கு எதுவும் சொல்லாத அந்த முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"யாருங்க?"

மணியக்காரர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "ஆலங்காட்டுப் பக்கம்" என்றார்.

"அந்தப் பக்கத்துலேருந்து நெறைய பேரு வர்றாங்க. தப்பா நெனைக்காதீங்க, எனக்குத் தெரியாதுங்க. யாருன்னு சொன்னாத்தான் தொறப்பேன். அப்புறம் ஆள மாத்திக் குடுத்துட்டேன்னு ஆயிடும்."

மழை பட்டைகளின்மேல் அடித்தது. அவர் மோதிரத்தை விரலில் சுற்றினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கடிகாரத்தை எடுக்கக் கைகூட நீட்டினார்.

"கிருத்திகைக்கு வந்தனே. பில்லு காட்டினவன்."

"எந்த பில்லுங்க?"

"அந்த வெள்ளி வாட்ச்சுக்கு."

"யாரு வாட்ச்சுங்க அது?"

அவர் மேஜையைத் தட்டவில்லை. வெளியே மழையைப் பார்த்தபடி சொன்னார். "ஏழுமலை வாட்ச்சு. எங்களுதுன்னு நெனைச்சிக்கினு இருந்தோம். எங்களுது இல்ல."

"ஆங்" என்றார் அக்கா. "கைய எடுங்க. தொறந்து பாக்கறேன்."

சுவரோரம் நின்ற அந்த அம்மா தன் கடிகாரத்தைத் திரும்பத் துண்டில் சுற்றினார். நாளைக்கு வருகிறேன், ஆலங்காட்டு பஸ் போய்விடும் என்றார். அப்போதுதான் மணியக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊரும்மா?"

"உங்க ஊருதாங்க" என்றார் அவர். "பதினஞ்சு வருசமா உங்க கழனியிலதான் நாத்து நடறேன்."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கி, பஸ் நிலையம் பக்கம் வேகமாக நடந்தார். மணியக்காரர் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதற்குள் பின்மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.